கால்ல சுத்துன துணி: கெய்ட்டர் வந்த கதை

ரொம்ப நாளா இந்தக் கடையைத் திறக்கல. ஆய்வு, பகுதிநேர வேலை, அபர்டீன் குளிர், மூணுல உங்களுக்குப் பிடிச்சதைக் காரணமா வச்சுக்கங்க. இப்ப எட்டிப் பார்க்க வச்சது கனடாவுல இருக்கிற சக பதிவர் ஒருத்தர் கேட்ட சின்னக் கேள்வி. "ஸ்கொட்லாந்து மலையெல்லாம் ஏறுறீங்களே, கெய்ட்டர் அவசியமா? எதைப் பார்த்து வாங்கணும்?"

பதில் நாலு வரிதான். ஆனா ஆய்வுத் தலைப்பைத் தவிர மத்த எல்லாத்தையும் விழுந்து விழுந்து படிக்கிற ஆளு நான். (மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியாது, தைரியமாச் சொல்லலாம் :-)) அந்த நாலு வரிக்குப் பின்னாடி கிட்டத்தட்ட எழுநூறு வருசக் கதை இருக்கு. அதுல ஒரு பங்கு எங்க ஊர் மலையில நடந்தது. அதனால கதை முதல்ல, நாலு வரி கடைசியில.

தெரியாதவங்களுக்கு: கெய்ட்டர்னா முழங்காலுக்குக் கீழ இருந்து சப்பாத்து மேல வரைக்கும் காலைச் சுத்தி மாட்டுற ஒரு துணி உறை. சப்பாத்துக்கும் கால்சட்டைக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கு பாருங்க, அது வழியாத்தான் சேறு, பனி, கல்லு, உண்ணி, அட்டை எல்லாம் உள்ள வருது. அந்த வாசலை அடைக்கிறதுதான் இதோட வேலை.

எலுமிச்சம்பழ காலம்

நான் பொறந்து வளர்ந்தது மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல. மழை தொடங்கினா புல்லுக்குப் புல்லு அட்டை நிக்கும். நூல் மாதிரி மெலிசா வந்து ஏறும், கடிக்கிறது தெரியாது. ரத்தம் உறையாம இருக்கிறதுக்கு ஒரு பொருளைச் சுரக்கும். அதனால அது குடிச்சு விழுந்த பிறகும் ரத்தம் நிக்காது. இதோட அறிவியல் பேர் ஹீமாடிப்சா சைலானிகா. பேர்லயே சிலோன் இருக்கு. நமக்குக் கிடைச்ச பெருமை அப்படி!

1344ல இபின் பதூதா இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி பல்லக்கும் ஆளும் குடுத்து அவரைச் சிவனொளிபாதமலைக்கு அனுப்பி வச்சார். அந்தப் பயணத்தை எழுதும்போது மனுசன் அட்டையை மறக்கல. தண்ணி ஓரத்துல புல்லு, மரத்துல இருந்து அட்டை பாயும், சனங்க எலுமிச்சம்பழத்தைத் தயாரா வச்சிருந்து அது மேல பிழிவாங்க, அப்புறம் மரக்கத்தியால சுரண்டி எடுப்பாங்கன்னு எழுதியிருக்கார்.

முன்னூறு வருசம் கழிச்சு ரொபர்ட் நொக்ஸ். கண்டி ராச்சியத்துல 1660ல இருந்து 1679 வரைக்கும் கைதியா இருந்த ஆங்கிலேயர். 1681ல வந்த அவரோட புத்தகத்துலயும் அதே வைத்தியம்தான். எலுமிச்சையும் உப்பும் ஒரு துணியில கட்டி, அதைக் குச்சி நுனியில மாட்டி, நடக்க நடக்கக் கால்ல தட்டிக்கிட்டே போவாங்களாம்.

ரெண்டும் வெறுங்காலுக்கான வைத்தியம்கிறதைக் கவனிங்க. மூடுறது கிடையாது, விரட்டுறது மட்டும்தான்.

துரைமாரோட அட்டை கெய்ட்டர்

1817-18ல ஊவாப் பக்கம் கிளர்ச்சி. அதை அடக்கப் போன பிரிட்டிஷ் படையில சென்னைப் பட்டாளத்துச் சிப்பாய்களும் சுமை தூக்குற கூலியாட்களும் இருந்தாங்க. அந்த மலைக்காட்டுல அட்டைக்கடியால ரொம்பக் கஷ்டப்பட்டவங்க அவங்கதான், அதுல செத்தவங்களும் உண்டுன்னு பதிவாகியிருக்கு. கடிச்ச இடம் புண்ணாகி, புண்ணு அழுகிச் சாவு.

இதை எடுத்து எழுதினவர் எமர்சன் டெனன்ட். 1845ல இருந்து 1850 வரைக்கும் இலங்கையில குடியேற்றச் செயலாளரா இருந்தவர். 1861ல வந்த அவரோட இலங்கை இயற்கை வரலாற்றுப் புத்தகத்துலதான் நம்ம கதாநாயகன் வர்றார். கோப்பித் தோட்டத் துரைமார் நெருக்கமா நெய்த துணியில 'அட்டை கெய்ட்டர்' தைச்சுக் கால்ல மாட்டிக்குவாங்களாம். பின்னல் சொக்ஸா இருந்தா கண்ணி வழியா அட்டை நுழைஞ்சிரும். அதான் நெருக்க நெசவு. அதே இடத்துல ஊர்ச்சனங்க என்ன செய்வாங்கன்னும் சொல்றார்: எண்ணெய், புகையிலைச் சாம்பல், எலுமிச்சைச் சாறு. அதாவது 1344ல இருந்து ஒரு அடி கூட நகரல.

கோப்பிக்காகக் காடு வெட்டினவங்க யாரு? ராமேஸ்வரம் பக்கமிருந்து தோணி ஏறி, மன்னார்ல இறங்கி, மாத்தளை வரைக்கும் காட்டுப் பாதையில நடந்து வந்த நம்ம சனங்க. வழியிலயே செத்தவங்க ஏராளம். வந்தவங்க கால்ல சப்பாத்து இல்ல. கோப்பியை 1869க்குப் பிறகு இலைத்துரு நோய் தின்னுச்சு, தேயிலை வந்துச்சு. 1867லேயே லூல்கந்துரயில 19 ஏக்கர்ல தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர், நான் இப்ப இருக்கிற அபர்டீனுக்குத் தெற்கால கின்கார்டின்ஷயர்ல பொறந்தவர். பதினாறு வயசுல கப்பலேறினவர். பயிர் மாறுச்சு. மலையும் அட்டையும் வெறுங்காலும் மாறல.

எங்க அம்மாயி நாற்பது வருசத்துக்கு மேல கொழுந்து எடுத்தவங்க. இடுப்புல இருந்து முழங்கால் தாண்டி படங்கு கட்டுவாங்க. செடி குத்தாம, ஈரம் படாம இருக்கிறதுக்கு. கணுக்காலுக்குக் கீழ சவர்க்காரம் தேய்ச்சிக்குவாங்க, மடியில சுண்ணாம்பும் புகையிலையும். "அட்டையை நின்னு பிடுங்கிக்கிட்டிருந்தா நிறை குறையும், அப்புறம் அரைப் பேர்தான் விழும்"னு சொல்லுவாங்க. (மத்த ஊர்க்காரங்களுக்கு: 'பேர்'னா ஒரு நாள் சம்பளக் கணக்கு. குறைஞ்ச நிறைக்கு அரை நாள் கூலி.)

இதுல ஒரு சின்ன உண்மை இருக்கு. கெய்ட்டர் தனியா நிக்கிற பொருள் இல்ல, அது சப்பாத்தோட துணை. சப்பாத்து இல்லாத காலுக்குக் கெய்ட்டர் எதுக்கு? துரைமார் நல்ல யோசனை ஒண்ணைக் கண்டாங்க. அது பக்கத்துல நின்ன வெறுங்காலுக்குப் போய்ச் சேரவே முடியாத யோசனை.

பட்டனும் பட்டியும்

துரைமாருக்கு இந்த யோசனை ஆகாயத்துல இருந்து வரல. ஐரோப்பாவுல 18ஆம் நூற்றாண்டுக் காலாட்படை முழுக்கக் கெய்ட்டர்லதான் நடந்துச்சு. முழங்காலுக்கு மேல வரைக்கும் போற துணிக் கெய்ட்டர், பக்கவாட்டுல வரிசையாப் பட்டன். காலையில அத்தனையையும் போடணும், ராத்திரி கழட்டணும். 1870ல பிரஷ்யாவோட சண்டைக்குப் போகும்போது, பிரெஞ்சு போர் மந்திரி லெபூஃப் "எங்க படையில ஒரு கெய்ட்டர் பட்டன் கூடக் குறையல"ங்கிற மாதிரி சவடால் விட்டதாச் சொல்லுவாங்க. ஜூலையில போர் தொடங்குச்சு, செப்டம்பர் 2ஆம் தேதி அவங்க பேரரசர் செடான்ல சரணடைஞ்சார். பட்டன் மட்டும் சரியா இருந்து என்ன பிரயோசனம் :-)

பட்டனுக்கு மாற்று எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? இமயமலை அடிவாரத்துல இருந்து. அங்க மலைச்சனங்க நீளமான கம்பளித் துணியைக் கணுக்கால்ல இருந்து முழங்கால் வரைக்கும் சுத்திக்குவாங்க. தைக்க வேண்டாம், அளவு பார்க்க வேண்டாம், பட்டன் வேண்டாம். ஹிந்தியில 'பட்டி'. நாம கழுத்துப்பட்டி, இடுப்புப்பட்டின்னு சொல்றோமே, அதே மாதிரி ஒரு சொல். பிரிட்டிஷ் இந்தியப் படை இதை எடுத்துக்கிச்சு, ஆங்கிலத்துல 'பட்டீ' ஆச்சு. 1902ல வந்த காக்கிச் சீருடையோட பிரிட்டிஷ் காலாட்படை முழுக்கப் பரவுச்சு. காலாட்படை கீழ இருந்து மேல சுத்தும், குதிரைப்படை மேல இருந்து கீழ சுத்தும். பழைய போர்ப் படம் கிடைச்சா முடிச்சு எங்க இருக்குன்னு பாருங்க, ஆளு எந்தப் படைன்னு தெரிஞ்சிரும்.

1914: இறுக்கினா என்ன ஆகும்

இந்தப் பட்டி சந்திச்ச பெரிய பரீட்சை முதல் உலகப் போர். 1914 செப்டம்பர் கடைசியில இந்தியச் சிப்பாய்களும் அதே பட்டியைக் கட்டிக்கிட்டு மார்செய் துறைமுகத்துல இறங்கினாங்க. பதுங்குகுழிகள்ல முழங்கால் அளவு தண்ணி. நாள் கணக்கா நிக்கணும்.

கம்பளி நனைஞ்சா சுருங்கும். இறுக்கிச் சுத்தின பட்டி நனைஞ்சு இன்னும் இறுகினா, கெண்டைக்கால்ல ரத்த ஓட்டம் குறையும். ஏற்கனவே குளிர், ஈரம், இறுக்கமான பூட்ஸ். கால் மரத்து, வீங்கி, நிறம் மாறி, முத்தினா அழுகிப் போகும். இதுக்கு 'பதுங்குகுழிக் கால்'னு பேர் வச்சாங்க. முதல் குளிர்காலத்துலயே பிரிட்டிஷ் படையில 20,000 பேர் அளவுக்குப் பாதிக்கப்பட்டாங்க. அப்புறம்தான் உத்தரவு வந்துச்சு: பட்டியைத் தளர்த்திக் கட்டு, காய்ஞ்ச சொக்ஸ் மாத்து, திமிங்கில எண்ணெய் தேய், ஒருத்தர் காலை இன்னொருத்தர் பார்த்துக்கங்க. காலைக் காப்பாத்த வந்த துணியே காலை நெரிக்கும்னு ஒரு பட்டாளமே படிச்ச பாடம் இது.

1924: எவரெஸ்ட்டுக்குத் திரும்பின பட்டி

இமயத்துல இருந்து போன பட்டி இமயத்துக்கே திரும்புச்சு. 1924 எவரெஸ்ட் பயணத்துல எட்வர்ட் நோர்ட்டன், ஜூன் 4ஆம் தேதி ஒக்சிஜன் இல்லாம ஏறக்குறைய 8,570 மீற்றர் வரைக்கும் ஏறினார். அன்னைக்குத் தான் போட்டிருந்த உடுப்பை எல்லாம் எழுதி வச்சிருக்கார். கால்ல மெதுவான, இழுபடுற காஷ்மீர்ப் பட்டி. 1914 பாடம் அந்த 'இழுபடுற'ல இருக்கு. இறுகாத துணி.

அதே பயணத்துல மன்பகதூர்னு ஒருத்தர் இருந்தார். பூட்ஸ் தைச்சுக் குடுக்கிற வேலைக்கு வந்தவர். அவருக்குக் கணுக்கால் வரைக்கும் ரெண்டு காலும் பனியில உறைஞ்சு போச்சு. அப்புறம் செத்துப் போனார். மலோரி, இர்வின் பேரை எல்லாருக்கும் தெரியும். அந்த வருசமே செத்த இந்தச் சப்பாத்துத் தொழிலாளியை எத்தனை பேருக்குத் தெரியும்?

1982: கடைசிப் பட்டி

பட்டி அதோட முடிஞ்சிருக்கும்னுதான் நான் நினைப்பேன். இல்ல. இரண்டாம் உலகப் போர்ல கான்வஸ் கணுக்கால் உறை அந்த இடத்தைப் பிடிச்சாலும், பிறகு குட்டிப் பட்டியாத் திரும்பி வந்துச்சு. 1982 போக்லண்ட் போருக்குப் போன பிரிட்டிஷ் வீரர்கள் கணுக்கால் உயரச் சப்பாத்தும் அதுக்கு மேல குட்டிப் பட்டியும்தான் போட்டிருந்தாங்க. தென் அட்லாந்திக் குளிர், சதுப்பு நிலம். 68 வருசத்துக்குப் பிறகு அதே பதுங்குகுழிக் கால் திரும்பி வந்துச்சு. சொந்தக் காசுல மலையேற்றக் கெய்ட்டர் வாங்கிப் போனவங்க தப்பிச்சாங்க. எதிரி பூட்ஸைக் கழட்டி மாட்டிக்கிட்டவங்களும் உண்டு. அந்தப் போருக்குப் பிறகுதான் உயரமான பூட்ஸ் வந்து, பட்டி ஓய்வு பெற்றுச்சு.

அதுக்குள்ள மலையேறுறவங்க வேற பக்கம் போயிட்டாங்க. 1969ல பொப் கோர் கண்டுபிடிச்ச, 1976ல சந்தைக்கு வந்த கோர்-டெக்ஸ், வெளித்தண்ணியை விடாது, உள்வேர்வையின் ஆவியை வெளிய விடும். நைலோன், வெல்க்ரோ எல்லாம் சேர்ந்து இன்னைக்குக் கடையில தொங்குற கெய்ட்டர் உருவாச்சு.

சரி, எதை வாங்குறது?

நண்பருக்குச் சொன்ன நாலு வரி (ஏழாயிருச்சு, கண்டுக்காதீங்க):

1. எங்க நடக்கப் போறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. காய்ஞ்ச பாதை, மணல், சின்னக் கல்லுன்னா கணுக்கால் உயரம் போதும். ஸ்கொட்லாந்துச் சதுப்பு, பனின்னா முழங்கால் உயரம் வேணும்.

2. மேல் கயிறு விழாம நிக்கணும், நெரிக்கக் கூடாது. ஒரு விரல் உள்ள போகணும். 1914ஐ ஞாபகம் வச்சுக்கங்க.

3. கீழ் பாதி தடிச்ச துணி, மேல் பாதி காத்துப் போற துணியா இருக்கட்டும். முழுக்க ரப்பர் மாதிரி இருந்தா வேர்வையிலேயே சொக்ஸ் நனையும், மழைக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியாது.

4. பாதத்துக்கு அடியில போற வார்தான் முதல்ல அறும். கல்லுல தேயுது இல்லையா? மாத்தக்கூடிய வாரா பார்த்து வாங்குங்க. கொக்கியும் பக்கிளும் காலோட வெளிப்பக்கம் வரணும். உள்பக்கம் வந்தா மத்தக் கால்ல மாட்டி விழுவீங்க.

5. பனியில கெய்ட்டர் கால்சட்டைக்கு மேல. கொட்டுற மழையில மழைக்கால்சட்டை கெய்ட்டருக்கு மேல. இல்லாட்டி வழியிற தண்ணி நேரா உள்ள இறங்கும்.

6. இங்க உண்ணி இருக்கு, லைம் நோய் பரப்பும். கெய்ட்டர் அது ஏறுறதைக் குறைக்கும், முழுசா நிறுத்தாது. வீட்டுக்கு வந்ததும் காலை நல்லாப் பாருங்க. வெளிர் நிறம்னா உண்ணி கண்ணுக்குத் தெரியும்.

7. அட்டைக்குக் கெய்ட்டர் பத்தாது. லேஸ் ஓட்டை, வார் ஓரம்னு அதுக்கு ஆயிரம் வழி. நெருக்கமா நெய்த பருத்தியில பாதம் முழுக்க மூடித் தைச்ச 'அட்டை சொக்ஸ்' இருக்கு. சாதாரண சொக்ஸ் மேல போட்டு, அதுக்கு மேல சப்பாத்து. டெனன்ட் எழுதின துரைமார் துணியோட பேரப்பிள்ளைதான் இது. நெருக்க நெசவுங்கிற தத்துவம் இன்னும் அதேதான்.

ஒரு கடைசி விசயம்

இதை எல்லாம் படிச்ச சூட்டுல, இன்னமும் கொழுந்து எடுக்கப் போற என் சித்திக்கு ரெண்டு சோடி அட்டை சொக்ஸ் அனுப்பட்டுமான்னு போன்ல கேட்டேன். "அது சப்பாத்துக்குள்ள போடுறதாம்ல? எனக்குச் சப்பாத்து ஏது? செருப்பு போட்டாலே ஈரத்துல வழுக்குது, வெறுங்கால்னாத்தான் மண்ணுல பிடிமானம் கிடைக்கும்"னாங்க. அவங்க சொன்னது சரி. அந்தச் சரிவுல, முதுகுல கூடையோட, ஈரமண்ணுல நிக்க நல்ல பிடிமானம் உள்ள இலேசான ரப்பர் பூட்ஸ் முதல்ல வேணும். அதுக்குப் பிறகுதான் சொக்ஸ், கெய்ட்டர் எல்லாம்.

இதுக்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லைன்னு நினைக்கிறேன். இங்க கெய்ர்ன்கோர்ம்ஸ்ல ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக்கு நடக்கிற என் காலுக்கு மூணு அடுக்குப் பாதுகாப்பு இருக்கு. வருசம் முழுக்க மலையில நிக்கிற கால்களுக்கு இன்னும் சவர்க்காரமும் உப்பும்தான். இதைத் தோட்டத்துல பாதுகாப்பு உடுப்புன்னு கேட்டு வாங்க வேண்டிய சாமான்னு நான் சொல்றேன், தயவுன்னு இல்ல.

மலையகத்துப் பதிவர்கள் யாராச்சும் வாசிச்சா சொல்லுங்க: உங்க தோட்டத்துல கொழுந்து எடுக்கிறவங்களுக்கு பூட்ஸ் குடுக்கிறாங்களா? குடுத்தா, சரிவுல பிடிக்குதா, சனங்க விரும்பிப் போடுறாங்களா? எந்த மாதிரி பூட்ஸ்னு விவரமாப் பின்னூட்டத்துல போடுங்க. சித்திக்கு எந்த அளவுல, எதை வாங்குறதுன்னு நான் உண்மையாவே பார்த்துக்கிட்டிருக்கேன்.